உப்புநீர்த் தொட்டியில் விஷ மீன் வளர்த்தல்

கூரம், காஞ்சீபுரத்தை அடுத்த ஏரிப்பாசன ஊர். ஏழாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் காலத்தில் எழுந்த கூரத்துச் செப்பேடு, பரமேசுவர தடாகம் என்னும் ஏரியையும், அதற்குப் பாலாற்று நீரைக் கொணர்ந்த பெரும்பிடுகு என்னும் கால்வாயையும் கூறுகிறது. இவ்வாறு நன்னீரைத் தேக்கியும் பங்கிட்டும் வாழ்ந்து வந்த இவ்வூருக்குக் கடற்கரை 60 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. ஆகையால் கெண்டை, விரால், கெளுத்தி முதலிய ஏரி மீன்களின் குணம் இங்கே சிறுவருக்கும் தெரியும்; கடல் மீனின் குணம் தெரிந்தவர் சிலரே. ஆனால் சென்னைக் கொளத்தூர் போன்ற இடங்களில் அலங்கார மீன் கடைகள் மலிந்துள்ளன. பிராணவாயு நிரப்பிய பிளாஸ்டிக் பையில் அடைத்து மீனை எவ்வூருக்கும் கொண்டு செல்லலாம். அழகைக் கண்டு மீனை வாங்கி வீட்டில் விட்ட பிறகே அதன் விஷத்தை அறிந்துகொள்ளும் நிலை எவருக்கும் நேரலாகாது.

நம் நாட்டில் கடல் மீன்களைக் கண்ணாடித் தொட்டியில் வைத்துப் பொதுஜனங்களுக்குக் காட்டும் வழக்கம் சென்னைக் கடற்கரையில் தொடங்கிற்று. 1909-ஆம் ஆண்டில் அங்கே திறக்கப்பட்ட மீன் காட்சிசாலை, இரண்டாவது உலக யுத்த காலத்தில், 1942-இல் மூடப்பட்டது. அக்காட்சிசாலைக்குக் கடல் எதிரிலேயே இருந்தது. கூரத்தில் ஒரு வீட்டுக் கூடத்தில் வைக்கப்படும் 200 லிட்டர்த் தொட்டிக்கோ அந்த 200 லிட்டரே கடல். திறந்த கடலில் ஒரு மீன் கக்கும் விஷம் க்ஷண நேரத்தில் கலைந்து மறைந்துபோம். தொட்டியில் அது போக்கிடமின்றி நிற்கும். விஷ மீன் வளர்ப்பில் வரும் நஷ்டங்களில் பெரும்பாலானவை இந்த ஒரு வேற்றுமையை மறப்பதால் வருபவை.

விஷம் இருக்குமிடம்

“விஷ மீன்” என்று பொதுவாகச் சொல்லிவிடுவது போதாது. விஷம் முள்ளில் உள்ளதா, தோலில் உள்ளதா, உள்ளுறுப்புகளில் உள்ளதா என்பதை முதலில் அறிதல் வேண்டும். காவல் அதற்கேற்ப மாறும். சிங்க மீனுக்கு விஷம் முள்ளில் உள்ளது. அது வளர்ப்பவன் கைக்கு அபாயம். பேத்தை மீனுக்கு விஷம் பெரும்பாலும் ஈரல், சினை, குடல், தோல் ஆகியவற்றில் உள்ளது. அது உண்பவன் உயிருக்கு அபாயம். பெட்டி மீனுக்கு விஷம் தோலின் வழுவழுப்பில் உள்ளது. அது உடன் வாழும் மீன்கள் அனைத்திற்கும் அபாயம். இம்மூன்றில் வீட்டுத் தொட்டியை அடியோடு அழிக்க வல்லது பெட்டி மீனே. பார்வைக்கு மிகச் சாதுவாய் இருப்பதும் அதுவே. ஆதலின் அதனைப் பற்றியே இங்கு விரிவாகக் கூறப்படும்.

பெட்டி மீன்

மன்னார் வளைகுடா முதலிய வெப்பக் கடல்களில் வாழும் இம்மீனின் உடல், அறுகோணத் தகடுகள் ஒன்றோடொன்று இணைந்த ஒரு கெட்டியான கூட்டினுள் அடங்கியது. வாயும் கண்ணும் துடுப்பும் வாலுமே அசையும். ஒரு ஜாதியின் குஞ்சு, மஞ்சள் நிறத்தில் கறுப்புப் புள்ளிகளோடு சிறிய பகடைக்காய் போலிருக்கும். மற்றொரு ஜாதிக்கு நெற்றியில் இரண்டும் பின்புறத்தில் இரண்டுமாக மாட்டுக் கொம்பு போன்ற முட்கள் உண்டு. கடையில் விற்கப்படும் குஞ்சு ஒரு அங்குலமே இருக்கும். வளர்ந்தால் 40 சென்டிமீட்டரைத் தாண்டும். இதனை வாங்குவோர் எண்ணிப் பார்ப்பதில்லை. கன்றின் உயரத்துக்குத் தொழுவம் கட்டுவார் உண்டோ?

வேகமாய் நீந்த இயலாத இம்மீனுக்கு இயற்கை இரண்டு காப்புகளை அளித்துள்ளது. ஒன்று அந்தக் கூடு. மற்றொன்று தோலினின்று சுரக்கும் விஷக் கோழை. அச்சம், துரத்தல், மூச்சுத்திணறல், நோய், மரணம் இவற்றில் ஏதேனும் நேரும்போது இக்கோழை மிகுதியாய் வெளிப்படும். ஹவாய்த் தீவில் இவ்வினத்து மீனொன்று ‘பாஹு’ என்று வழங்கப்படுவதால், அதன் விஷத்தைப் பிரித்தறிந்த ஆராய்ச்சியாளர்கள் 1967-இல் அதற்குப் ‘பாஹுடாக்ஸின்’ என்று பெயரிட்டனர். அதன் இயல்பு சவர்க்காரத்தைப் போன்றது. நீரைக் கலக்கினால் நுரைக்கும். இரத்த அணுக்களை உடைக்கும். மீனின் செவுளைத் தாக்கும். பட்டு நூலின் பசையை நீக்கச் சோப்பு நீரில் காய்ச்சும் வீட்டார்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. அந்தக் கொப்பரை நீரைத் தொட்டியில் ஊற்றினால் மீன்களுக்கு என்ன கதி நேருமோ, ஏறக்குறைய அதே கதியே பெட்டி மீனின் கோழையாலும் நேரும். நீர் சிறிதாயின், சொந்த விஷத்தாலேயே அம்மீனும் மடிவதுண்டு.

கூரத்தில் ஒரு வீட்டில் இப்படி ஒரு தொட்டி இருப்பதாகக் கொள்வோம். அதில் கோமாளி மீன் இரண்டு, வேறு சிறு மீன்கள் நான்கு, பெட்டி மீன் குஞ்சு ஒன்று. ஆறு மாதம் யாதொரு குறையுமில்லை. சித்திரை மாதத்தில் ஒரு நாள் பிற்பகல் மின்சாரம் நின்றுவிடுகிறது. வீட்டார் தறியில் இருக்கின்றனர். காற்றுப் பம்பு ஓடவில்லை. தொட்டி நீர் 33 டிகிரிக்கு ஏறுகிறது. சூடேறிய உப்புநீர் பிராணவாயுவைக் குறைவாகவே பிடித்து வைக்கும். மீனுக்கோ அவ்வுஷ்ணத்தில் மூச்சுத் தேவை அதிகம். பெட்டி மீன் தவிக்கத் தொடங்குகிறது. திணறிய மற்ற மீன்களுள் ஒன்று அதனைக் கடிக்கிறது. மாலையில் விளக்கேற்ற வருபவர் காண்பது, நீர் விளிம்பில் மெல்லிய நுரையும், அடியில் சாய்ந்த மீன்களுமே. வெயிலால் மடிந்தன என்று எண்ணி, நீரைச் சிறிது மாற்றிவிட்டு, அடுத்த வாரம் புதிய மீன்களை வாங்கி விடுகிறார். பெட்டி மீன் பிழைத்திருந்தால், அடுத்த மின்தடையில் அவையும் போம். காரணத்தை அறியாமல் செலவிடும் பணம் முழுதும் இவ்வாறே வீணாகும்.

ஆகையால், காஞ்சீபுரத்துக் கோடையையும் மின்தடையையும் கணக்கில் கொண்டால், சிறு தொட்டியில் பல மீன்களோடு பெட்டி மீனைச் சேர்த்து வைத்தல் தகாது. வைக்கவே விரும்புவோர் 500 லிட்டருக்குக் குறையாத தொட்டியில் அதனைத் தனியே வைத்தல் உத்தமம். மின்கலத்தால் ஓடும் காற்றுப் பம்பு ஒன்றை ஆயத்தமாய் வைத்திராத வீட்டில் இம்மீன் இருக்கலாகாது.

தொட்டியும் நீரும்

கடல் நீரில் கிலோ ஒன்றுக்குச் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. 200 லிட்டருக்கு ஏறக்குறைய 7 கிலோ ஆகும். மரக்காணத்து உப்பளத்தின் சுத்தமான உப்பேயாயினும், சமையலுப்பு இதற்கு உதவாது. உப்பளத்தில் உப்பு விளையுமுன்பே சுண்ணச் சத்தின் பெரும்பகுதி அடியில் படிந்துவிடும். மக்னீசியச் சத்து, உப்பு விளைந்தபின் மிஞ்சும் கசப்பு நீரோடு வடிந்துவிடும். மீனுக்கு இவையும் வேண்டும். ஆகவே கடல் மீன் தொட்டிக்கென்று விற்கப்படும் கலவை உப்பையே வாங்குதல் வேண்டும்.

உப்பைக் கரைக்கும் நீரிலும் கவனம் தேவை. உரமிட்ட வயலை அடுத்த கிணற்றில் நைட்ரேட் மிகுந்திருக்கலாம். குழாய் நீரில் குளோரின் இருக்கும். சவ்வு வடிகட்டியில் சுத்தம் செய்த நீர் சிறந்தது. கரைத்த நீரைக் காற்றுப் பம்பு வைத்து ஒரு நாள் ஓடவிட்டு, அடர்த்திமானியால் 1.020-க்கும் 1.025-க்கும் இடையே இருக்கிறதா என்று பார்த்தல் வேண்டும். தொட்டி நீர் ஆவியாகிக் குறையும்போது உப்பு குறைவதில்லை. ஆகையால் குறைந்த அளவுக்கு நன்னீரையே ஊற்ற வேண்டும். இதனை அறியாமல் உப்புநீரையே ஊற்றிவந்தால், வெயில் காலத்தில் சில வாரங்களிலேயே உவர்ப்பு ஏறிவிடும்.

நம் வீடுகளில் நீர் மொள்ளுவதற்குச் செப்புக் குடமும் பித்தளை அண்டாவும் கைக்கு எட்டிய இடத்தில் இருக்கும். உப்புநீரை அவற்றில் எடுக்கவே கூடாது. உப்பு செம்பை அரித்துக் களிம்பாக்கும். கரைந்த செம்பு மீனுக்கும், அதனினும் விரைவாக இறாலுக்கும் சிப்பிக்கும் எமனாகும். செதில் இல்லாத பெட்டி மீனும் பேத்தையும் செம்பு சேர்ந்த மருந்துகளையும் நன்றாய்த் தாங்குவதில்லை. பிளாஸ்டிக் வாளி போதும்.

நெசவு வீட்டில் இன்னும் ஒரு விஷயம். சாயமோ சோப்போ பட்ட கையைத் தொட்டியில் விடலாகாது. காற்றுப் பம்பு, அது இருக்கும் அறையின் காற்றையே நீருக்குள் செலுத்துகிறது. அதன் அருகே கொசுமருந்தைத் தெளித்தால் அம்மருந்து நீரைச் சேரும். சாயக் கொப்பரை காயும் பக்கத்திலும் பம்பை வைத்தலாகாது.

நீர் ஆயத்தமானவுடனே மீனை விட்டுவிடுதல் தவறு. மீனின் கழிவில் அமோனியா உண்டாகும். வயலில் இட்ட அமோனியம் சல்பேட்டை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாக மாற்றுவதை விவசாயிகள் அறிவர். அதே தொழிலைத் தொட்டியின் மணலிலும் வடிகட்டியிலும் குடியேறும் நுண்ணுயிர்கள் செய்கின்றன. அவை பெருகுவதற்கு 4 முதல் 6 வாரங்கள் பிடிக்கும். அதற்குமுன் விடப்படும் மீன் அமோனியாவால் வாடும். வாடும் மீன் பெட்டி மீனாயின் அதன் விளைவு முன்னே கூறப்பட்டது.

உஷ்ணம் 24 முதல் 28 டிகிரிக்குள் இருத்தல் நலம். கூரை ஓட்டு வீட்டில் கோடையில் இது எளிதன்று. வடக்குச் சுவர் ஓரமாய்த் தொட்டியை வைத்து, மூடியைத் திறந்து, நீரின் மேல் விசிறிக் காற்றுப் படும்படி செய்தால், ஆவியாதலால் இரண்டொரு டிகிரி குறையும். அந்நாட்களில் இரையையும் குறைத்துப் போட வேண்டும்.

பெட்டி மீனுக்கு இறால், மட்டி ஆகியவற்றின் சதையைப் பொடியாய் நறுக்கி, சிறுகச் சிறுக நாளைக்கு மூன்று நான்கு முறை இடுதல் வேண்டும். அது மெதுவாகத் தின்னும். விரைந்து தின்னும் மீன்களோடு விட்டால் பட்டினி கிடக்கும். இதனை வலையால் துரத்திப் பிடித்தல் ஆகாது. ஒரு பாத்திரத்தை நீருள் அமிழ்த்தி, மீனை மெல்ல அதனுள் ஒதுக்கி, நீரோடு எடுப்பதே முறை. கடையிலிருந்து கொண்டுவந்த பையின் நீரைத் தொட்டியில் ஊற்றவும் கூடாது. பிரயாணத்தின் அச்சத்தில் மீன் கக்கிய கோழை அதில் இருக்கக்கூடும்.

விஷம் கக்கியதாகச் சந்தேகம் எழுந்தால்

மீன்கள் திடீரென்று மேல்மட்டத்தில் வாயைத் திறந்து மூச்சுக்குத் தவித்தாலும், நிலைதடுமாறிச் சுழன்றாலும், நீர் விளிம்பில் காரணமின்றி நுரை கண்டாலும் தாமதம் கூடாது. உயிருள்ள மற்ற மீன்களை, முன்பே கரைத்து வைத்த புதிய உப்புநீருக்கு மாற்ற வேண்டும். பெட்டி மீனை வேறொரு தனித் தொட்டிக்கு, பாத்திரத்தோடு மாற்ற வேண்டும். பிறகு பழைய நீரில் பாதிக்கு மேல் வெளியேற்றி, புது நீர் சேர்த்து, மீன் தொட்டிக்கென்று விற்கப்படும் வீரியமூட்டிய கரியை வடிகட்டியில் இட்டுப் பம்பைப் பலமாய் ஓடவிட வேண்டும். அடுப்புக்கரி அதற்கு ஈடாகாது. இவ்வளவும் செய்தும் மீன்கள் பிழைக்காமற் போவதுண்டு. விஷம் நிமிஷக் கணக்கில் வேலை செய்வது. தொட்டியின் பாதி அளவுக்கேனும் கரைத்த உப்புநீரை மூடிய பீப்பாயில் எப்பொழுதும் வைத்திருப்பவருக்கே இம்முறை பயன்படும். அப்பொழுதுதான் உப்பைத் தேடுபவருக்கு அன்று.

பேத்தை

காற்றையோ நீரையோ விழுங்கி உருண்டையாய் ஊதும் மீன் பேத்தை. உடல் முழுதும் முள் உள்ளது முட்பேத்தை. ஊதும் வேடிக்கையைக் காண்பதற்காக அதனைக் குச்சியால் சீண்டுவதும், நீரிலிருந்து வெளியே தூக்குவதும் கொடுமை. உள்ளே புகுந்த காற்றை வெளியேற்ற இயலாமல் மீன் மடிய நேரும். அதன் பற்கள் கிளியின் அலகுபோல் வளர்ந்துகொண்டே இருக்கும். ஓடுள்ள நத்தை, நண்டு, மட்டி இவற்றை இரையாக இட்டால்தான் அவை தேயும்; மெத்தென்ற இரையையே இட்டு வந்தால் வாய் திறக்க முடியாமற் போம்.

இதன் விஷம் டெட்ரோடாக்ஸின். நுண்ணுயிர்களால் உண்டாகி, இரை வழியாகப் பேத்தையின் உடலில் சேர்வதாக ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். ஜப்பானில் நஞ்சற்ற இரையிட்டு வளர்த்த பேத்தைகளில் விஷம் காணாமற்போனதும் இதற்குச் சான்று. ஆயினும் கடையில் வாங்கிய மீன் எவ்விடத்தில் எதைத் தின்றது என்பதை ஒருவரும் சொல்ல இயலாதாகையால், எல்லாப் பேத்தையையும் விஷமுள்ளதாகவே கொள்ளுதல் வேண்டும். கொதிக்க வைத்தாலும் வறுத்தாலும் இவ்விஷம் அழியாது. உதடும் நாவும் மரத்து, கைகால் தளர்ந்து, இறுதியில் மூச்சு நிற்கும். மாற்று மருந்து கிடையாது. விஷம் இறங்கும்வரை செயற்கைச் சுவாசம் அளிப்பதே சிகிச்சை.

நம் கடற்கரை மீனவர் வலையில் சிக்கும் பேத்தையைப் பெரும்பாலும் கழித்துவிடுவர். அபாயம் அதனை அறியாத உள்நாட்டில்தான் அதிகம். 2008-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரை வங்காள தேசத்தில் நார்சிங்டி, நாட்டோர், டாக்கா ஆகிய இடங்களில் பேத்தை உண்டு 141 பேர் நோயுற்றனர். அவர்களுள் 17 பேர் மாண்டனர். நாட்டோர் கடலுக்கு வெகு தூரத்திலுள்ள ஊர். கூரத்தாரும் அவ்வாறே கடலுக்குத் தூரமானவர். தொட்டியில் மடிந்த பேத்தையைப் பூனைக்கோ நாய்க்கோ கோழிக்கோ எறிதலும், குப்பை மேட்டில் போடுதலும் கூடாது. பிராணிகள் தோண்ட இயலாத ஆழத்தில் புதைத்தல் வேண்டும்.

சிங்க மீன்

செந்நிறப் பட்டைகளும் விசிறி போன்ற துடுப்புகளும் உள்ள இம்மீனுக்கு முதுகில் 13, வயிற்றுப்புறத்தில் 2, அடிப்பின்புறத்தில் 3 என விஷ முட்கள் உண்டு. அது தானே வந்து தாக்குவது அரிது. தொட்டியைச் சுத்தம் செய்யும் கை அதன்மேல் படுவதே விபத்துக்குக் காரணம். ஆகையால் உள்ளே கைவிடுமுன் மீன் நிற்குமிடத்தைக் கண்ணால் கண்டுகொள்ள வேண்டும். நீண்ட இடுக்கியால் இரையிட வேண்டும். செத்த மீனின் முள்ளிலும் விஷம் சிலகாலம் இருக்கும். குழந்தைகளுள்ள வீட்டில் பூட்டும் மூடி அவசியம். சந்தையில் வாங்கும் ஓரா, கடற்கெளுத்தி, திருக்கை இவற்றின் முட்களும் இதே வகையைச் சேர்ந்தனவாதலால், கீழ்க்கண்ட சிகிச்சை சமையற்கட்டிலும் பயன்படும்.

முள் குத்தினால் வலி கடுமையாய் இருக்கும். குத்திய இடத்தைக் கீறுதல், வாயால் உறிஞ்சுதல், மேலே இறுகக் கட்டுதல் இவை மூன்றும் தீங்கே. காயத்தைக் கழுவி, கண்ணுக்குத் தெரியும் முள் துணுக்கை எடுத்துவிட்டு, பொறுக்கக்கூடிய வெந்நீரில், அதாவது 45 டிகிரிக்கு மேற்படாததில், 30 முதல் 90 நிமிஷம் வரை கையை அமிழ்த்தி வைக்க வேண்டும். நோகும் கைக்குச் சூடு தெரியாது. அதனால் வெந்நீரை மற்றக் கையால் தொட்டுப் பார்த்த பிறகே அமிழ்த்த வேண்டும். இல்லையேல் விஷத்தோடு வெந்த புண்ணும் சேரும். பிறகு தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குச் செல்லுதல் வேண்டும். மூச்சு முட்டினாலும் மயக்கம் வந்தாலும் வெந்நீருக்காகக் காத்திராமல் உடனே செல்ல வேண்டும்.

வேண்டாத மீனும் கழிவு நீரும்

வளர்க்க அலுத்துப்போன மீனை ஏரியிலோ, கோவளம் போகும்போது கடலிலோ விட்டுவிடுவதைச் சிலர் புண்ணியமாகக் கருதுவர். கடல் மீன் ஏரி நீரில் பிழைக்காது. மடிந்து கிடக்கும் பேத்தையைக் கொக்கோ நாயோ தின்னும். கடலில் விடுதலும் குற்றமே. தொட்டியில் பிடித்த நோய் அதனோடு செல்லும். இந்து மகா சமுத்திரத்துக்கும் பசிபிக்குக்கும் உரிய சிங்க மீன், 1985-இல் அமெரிக்காவின் பிளோரிடாக் கரையில் முதன்முதல் காணப்பட்டது. வீட்டுத் தொட்டிகளிலிருந்து விடப்பட்டவையே அதற்கு வித்து என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. இன்று அது கரீபியக் கடல் முழுதும் பரவி, பவழப்பாறைகளிலுள்ள மற்ற மீன்களின் குஞ்சுகளைத் தின்று வருகிறது. வேண்டாத மீனை வாங்கிய கடைக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும்.

தொட்டிக்கு அலங்காரமாகப் பவழப்பூச்சிக் கல்லையோ கடற்குதிரையையோ ஒருவர் விற்க முன்வந்தால் வாங்கலாகாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் இவை 2001-இல் சேர்க்கப்பட்டுள்ளன, வைத்திருத்தலே தண்டனைக்குரியது.

200 லிட்டர்த் தொட்டியில் வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றினால், 20 லிட்டர் நீரோடு ஏறக்குறைய 700 கிராம் உப்பு வெளியேறும். வருஷத்தில் 36 கிலோவுக்கு மேல். இதனைக் கொல்லையிலுள்ள கத்தரிப் பாத்தியிலோ, கிணற்றோரத்திலோ, வயலுக்குச் செல்லும் வாய்க்காலிலோ ஊற்றினால், மண் உவர்ந்து செடி கருகும். தென்னை ஓரளவு உப்பைத் தாங்குமாயினும், ஒரே மரத்தடியில் வாரந்தோறும் ஊற்ற இடமில்லை. கழிவுநீர்ச் சாக்கடை உள்ள வீட்டார் அதில் விடலாம். சாக்கடை இல்லாதவர், தொட்டியை வாங்குமுன்பே இந்த 20 லிட்டர் எங்கே போகும் என்பதைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.